சின்னராஜ் விற்காத ஊசி

இல்லாத ஓர் ஊசியால் நான் ஒரு திருடனைப் பிடித்தேன். அந்த ஊசியை யாரும் விற்கவில்லை, யாரும் வாங்கவில்லை, யாரும் கண்ணால் பார்க்கவும் இல்லை. ஆனாலும் அது குத்திய குத்தில் திருடன் போட்ட அலறல் மலையிறங்கிப் போய், வாணியம்பாடி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரை வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்களாம். காவலூரில் இருக்கிற பெரிய டெலஸ்கோப்கூட அன்றைக்கு வானத்தை விட்டுவிட்டு ஒரு நிமிஷம் ஜமுனாமரத்தூர் பக்கம் திரும்பியதாகக் கேள்வி.

இதை நம்பாதவர் இந்த மலையில் ஒரே ஒருத்தர்தான். என் வீட்டுக்காரர் ஃபரூக். நான் எதைச் சொன்னாலும் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "கனீஸ் சொல்றதைப் பத்தால வகுத்துக்குங்க" என்பார். வந்த விருந்தாளிகளும் என் முகத்துக்கு எதிரிலேயே வகுத்துக்கொள்வார்கள்.

அவர் வேலை அப்படிப்பட்ட வேலை. வாணியம்பாடியில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் செக்‌ஷன். தையல் இம்மி கோணினாலும் அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். ஆயுள் முழுக்க வட்டம் போட்ட கை ரிட்டயர் ஆனபின் சும்மா இருக்குமா? அவருக்கு வட்டம் போட மிச்சம் இருந்தவள் நான் ஒருத்திதான். நான் போஸ்டாபீஸ் கவுன்டரில் முத்திரை குத்தியவள். என் குத்தில் மேஜை நாலு தடவை உடைந்திருக்கிறது. இரண்டு பேரும் ரிட்டயர் ஆன கையோடு, வாணியம்பாடி வெயில் வேண்டாம் என்று மலையேறி ஜமுனாமரத்தூரில் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

மலைக்கு வந்த முதல் மாதமே எனக்கு இரண்டு விஷயம் தெரிந்துபோனது. ஒன்று, இங்கே குளிர் எலும்புக்குள் புகுந்து வீடு கட்டிக் குடியிருக்கும். இரண்டு, விளக்கு வைத்தபின் சின்னராஜ் கடையில் ஊசி கேட்கக்கூடாது.

முதல் விஷயத்துக்கு மருந்து ரஜாய். பழைய துணியை வெட்டி ஒட்டி, நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கிற கனத்த போர்வை. இங்கே அதை ஒட்டுப்போர்வை என்கிறார்கள். தைக்கலாம் என்று உட்கார்ந்த முதல் நாளே ஊசி முறிந்தது. இருட்டிக்கொண்டு வந்தது. கடைக்குப் போய், "தம்பி, ஒரு ஊசி குடுங்க" என்றேன். கடையில் இருந்த பேச்சு அப்படியே நின்றது. பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த சின்னராஜ் காதைப் பொத்திக்கொண்டார்.

"இன்னாம்மா நீங்க, விளக்கு வெச்சாச்சி. இப்போ வந்து அதைக் கேக்கறீங்க."

"எதை?"

"அதைத்தான்."

"ஊசியையா?"

"மறுபடியும் சொல்றாங்க பாரு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் முறையிட்டார். விளக்கு வைத்தபின் ஊசி கடையை விட்டு வெளியே போனால் கடையின் லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்பது அவர் நம்பிக்கை. "காலைல வாங்க, நானே வூட்டாண்ட கொண்டாந்து குடுக்கறேன். இப்போ அந்தப் பேரை எடுக்காதீங்க" என்று கும்பிட்டு அனுப்பி வைத்தார்.

வீட்டுக்கு வந்து ஃபரூக்கிடம் சொன்னேன். "ஒரு கடைக்காரன் சரக்கை வெச்சிக்கிட்டு விக்க மாட்டேங்கறானா? பத்தால வகுத்துக்கறேன்" என்றார். பேப்பரைப் புரட்டினார். அந்த வகுத்தலை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் வைத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை மத்தியானங்களில் சசிகலா வீட்டு மாடியில் நாங்கள் கூடித் தைப்போம். சசிகலா மகளிர் குழுத் தலைவி, முப்பத்தைந்து வயசு, கணீரென்ற குரல். நாங்கள் தைக்கத் தைக்க அவள் ஒரு துப்பறியும் நாவலை உரக்க வாசிப்பாள். கடைசி அத்தியாயம் வந்ததும் புத்தகத்தை மூடித் தையல் பெட்டிக்கு அடியில் வைத்துவிடுவாள். கொலை செய்தது யார், நகையைத் திருடியது யார் என்று ஆளுக்கு ஒரு பெயர் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் கடைசி அத்தியாயம். இது எங்கள் மாடியின் சட்டம்.

சொல்லி வைத்த மாதிரி ஒவ்வொரு தடவையும் சரியாகச் சொல்பவள் ராணியம்மாள்.

ஊருக்கு வெளியே புளியந்தோப்பு ஓரத்தில் அவள் வீடு. சாமையும் புளியும் விளைகிற நிலம். வாசிப்பு ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே தலையை நிமிர்த்தாமல், "அந்த டிரைவர்தான். செத்தவன் வூட்டு நாய் அவனைப் பார்த்துக் குலைக்கல" என்று சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடிப்பாள். நாங்கள் எல்லோரும் ஆகாவென்போம். நான் சொல்கிற ஆகா மட்டும் தொண்டையிலேயே சிக்கிக்கொள்ளும். ஒருமுறை சசிகலா தண்ணீர் குடிக்கப் போன சமயம் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வாயில் விடையோடு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கும் எனக்கு முந்தி அவள் சொல்லிவிட்டாள்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவள் தையல் இருக்கிறதே, அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. எறும்புச் சாரி போல ஒரே நேர், ஒரே அளவு. அவள் போர்வையில் எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று கண்டுபிடிக்க முடியாது. என் ரஜாயைத் திருப்பிப் போட்டால் கோழி கிளறின குப்பைமேடு. அவள் ஊசியை ஒரு குத்து குத்தினால் எனக்கு இங்கே வயிற்றில் குத்தும். நான் அவளைவிட நன்றாகப் பிரியாணி செய்வேன், நன்றாகப் பாடுவேன், நன்றாகச் சண்டை போடுவேன். ஆனால் மாடியில் இது எதையும் யாரும் கேட்கவில்லையே.

வருஷா வருஷம் இங்கே கோடை விழா நடக்கும். எங்கள் குழுவுக்கு ஒரு ஸ்டால் உண்டு. ஸ்டாலின் முகப்பில் ஒரே ஒரு போர்வைக்குத்தான் இடம். மலையேறி வருகிற அத்தனை பேர் கண்ணும் முதலில் விழுகிற இடம் அது. மற்றதெல்லாம் உள்ளே மடித்து அடுக்கிக் கிடக்கும். போன வருஷம் முகப்பில் ராணியம்மாள் போர்வை. அதற்கு முந்தின வருஷமும் அவளுடையதுதான். இந்த வருஷம் அங்கே என்னுடையது தொங்க வேண்டும். தொங்காவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு வாணியம்பாடி வெயிலுக்கே திரும்பிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

அதற்காக நான் தைத்தது மலைச்சாலை. கீழே சமவெளிக்குப் பச்சை, மேலே மேகத்துக்கு வெள்ளை, நடுவில் வளைந்து வளைந்து ஏறுகிற சாம்பல் நிற ரோடு. ரோட்டுக்கு ஃபரூக்கின் இரண்டு பேன்ட் செலவானது. ஒன்று மட்டும்தான் அவருக்குத் தெரியும். கடைசி வளைவுக்கு மேல் ஒரு குட்டி பஸ், சிவப்பு ஷூ லைனிங் துணியில். தைத்து முடித்துச் சுவரில் மாட்டிய அன்று, பஸ் ஹாரன் அடிப்பது என் காதில் விழுந்தது.

ஃபரூக் அருகில் வந்து பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"ஓரம் கொஞ்சம் கோணலா இருக்குது கனீஸ்."

"மலையே கோணல்தாங்க" என்றேன்.

விழாவுக்கு முந்தின நாள் சாயந்திரம், பக்கத்துத் தெரு சைமாவின் குழந்தைக்குப் பெயர் வைக்கிற விசேஷம். ஃபரூக் முட்டி வலி என்று வீட்டிலேயே இருந்துகொண்டார். நான் திரும்பி வரும்போது விளக்குப் போட்டிருந்தார்கள். வீடு பூட்டியிருந்தது, வண்டியைக் காணோம். என்னிடம் இருந்த சாவியால் திறந்து உள்ளே போனேன். ரஜாய் வைத்திருந்த டிரங்குப் பெட்டியின் மூடி சரியாகச் சாத்தப்படாமல் இருந்தது. திறந்தால், பெட்டி காலி.

வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள். நான் எத்தனை துப்பறியும் நாவல் கேட்டவள். கோதுமை மாவு டப்பாவை எடுத்து வாசலிலிருந்து பெட்டி வரைக்கும் தூவி, காலடித் தடம் தேடினேன். மாவு தூவிய பிறகு நடந்தால்தான் தடம் விழும் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. அதற்குள் ஃபரூக் வண்டியை நிறுத்திவிட்டு மாவின் மேலேயே நடந்து உள்ளே வந்துவிட்டார்.

"இன்னா இது, ரொட்டி தரையிலயா சுடப்போற?"

"எங்க போனீங்க?"

"உனக்குத்தான். நேத்து மறுபடியும் ஊசி முறிஞ்சி போச்சின்னியே, சின்னராஜ் கடையில வாங்கிட்டு வரலாம்னு போனேன்."

"எங்க ஊசி?"

அவர் சட்டைப் பையைத் தடவினார். "இதுலதான் போட்டேன். வர்ற வழியில விழுந்துடுச்சி போல."

வேறு நாளாக இருந்தால் அந்த ஊசிக்காகவே ஒரு சண்டை போட்டிருப்பேன். அன்றைக்கு அதற்கு நேரம் இல்லை. ஏனென்றால் அவர் காலடியில், மாவின் மேல், பொடிப்பொடியாகக் கொஞ்சம் புளியிலை கிடந்தது. இந்தத் தெருவில் புளியமரமே கிடையாது. தோப்பும் தோப்புக்காரியும் இருப்பது ஊருக்கு வெளியே. எனக்கு உச்சந்தலையில் விளக்கு எரிந்தது. ராணியம்மாள் வந்திருக்கிறாள். இலையை உதிர்த்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"அந்தம்மாவா? சேச்சே" என்றார் ஃபரூக். சொல்லிவிட்டு, கேட்காமலேயே துடைப்பத்தை எடுத்து மாவைப் பெருக்கினார். என் கல்யாணத்துக்குப் பிறகு அவர் துடைப்பத்தைத் தொட்டது அதுதான் முதல் தடவை. பொறாமை கண்ணை மறைக்கும் என்பார்கள். எனக்கு அன்றைக்குத் துடைப்பத்தையே மறைத்தது.

மறுநாள் காலை சசிகலா வீட்டு மாடிக்கு எல்லோரும் போர்வைகளோடு வந்துவிட்டார்கள். நான் வெறுங்கையோடு போய் நடுவில் நின்றேன்.

"என் ரஜாயை யாரோ திருடிட்டாங்க."

மாடியே ராணியம்மாள் பக்கம் திரும்பியது. சந்தேகத்தில் அல்ல. கண்டுபிடிக்க வேண்டியவள் அவள்தானே. இந்நேரத்துக்கு அவள் தலையை நிமிர்த்தாமல் ஒரு பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். அவளோ தன் போர்வையில் அறுந்த ஒரு நூலைத் தைத்துக்கொண்டே, "தெரியலையே பாயம்மா" என்றாள். சொன்ன அதே நொடியில் ஊசியை விரலில் குத்திக்கொண்டாள்.

ராணியம்மாளுக்குத் தெரியாத ஒன்று. ராணியம்மாள் விரலில் ஊசி. இரண்டும் ஒரே நாளில் நடந்தால் பூமி சரியாகச் சுற்றவில்லை என்று அர்த்தம்.

"மத்தியானம் வரைக்கும் பார்க்கறேன் பாயம்மா. அதுக்குள்ள கெடைக்கலேன்னா முகப்புல ராணிக்காவோடதையே மாட்டிடறேன். கோவிச்சிக்காதீங்க" என்றாள் சசிகலா.

ராணியம்மாள் போர்வை பக்கத்திலேயே மடிப்புக் கலையாமல், மூன்றாம் வருஷமும் தொங்கத் தயாராக உட்கார்ந்திருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ரத்தம் பாலைப் போலப் பொங்கியது. விறுவிறுவென்று படியிறங்கினேன். சாட்சி வேண்டும். சாயந்திரத்தில் தெருவில் போகிற ஈ, எறும்பு முதல்கொண்டு பார்த்து வைப்பவர் சின்னராஜ்தான்.

"நேத்து விளக்கு வெச்ச நேரத்துல ராணியம்மா எங்க தெருப் பக்கம் வந்தாங்களா?" என்று கேட்டேன்.

"வரலையேம்மா."

"நல்லா நெனச்சிச் சொல்லுங்க. எங்க வூட்டுக்காரர் உங்க கடைக்கு வந்தாரே, அந்த நேரத்துல."

"பாயா? எதுக்கு வந்தாரு?"

"ஊசி வாங்க."

சின்னராஜ் கையில் இருந்த தராசைக் கீழே வைத்தார். பட்டப்பகல் என்பதால் காதை மட்டும் பொத்தவில்லை.

"எப்போ?"

"விளக்கு வெச்சப்புறம்."

"அம்மா, எங்கப்பா காலத்துலேர்ந்து இந்தக் கடையில பொழுது போனப்புறம் ஊசி வெளிய போனதில்ல. கலெக்டரே ஜீப்புல வந்து கேட்டாலும் காலைல வாங்கன்னுதான் சொல்லுவேன். யாரு உங்ககிட்ட இப்டி என் பேரைக் கெடுத்தது? பாய் நேத்து இந்தப் பக்கமே வரல."

நான் கடை வாசலிலேயே நின்றேன். வாங்காத ஊசி. வழியில் விழாத ஊசி. மாவின் மேல் நடந்து வந்த கால். அந்தக் கால் நின்ற இடத்தில் புளியிலை. கையில் துடைப்பம். எல்லாம் ஒவ்வொன்றாக வந்து ஒரே நூலில் கோத்துக்கொண்டன. ராணியம்மாளுக்கு நாய் குலைக்காதது கேட்டது போல, எனக்கு அன்று ஓர் ஊசி விற்காதது கேட்டது.

வீட்டுக்குப் போனேன். ஏலக்காய் தட்டிப் போட்டு டீ வைத்துக் கொடுத்தேன். ஃபரூக்குக்கு அப்போதே உஷார் வந்திருக்க வேண்டும். நான் கேட்காமல் டீ கொடுப்பது ரம்ஜானுக்கு ஒரு தடவை, பக்ரீத்துக்கு ஒரு தடவை.

"ஏங்க, பாவம், அந்த ஊசி தொலைஞ்சி போச்சே. எப்டி இருந்துச்சி?"

"நல்ல ஊசி."

"எத்தனாம் நம்பர்?"

"ஒம்போது" என்றார் பேப்பருக்குள்ளிருந்து.

"சின்னராஜே எடுத்துக் குடுத்தாரா?"

"ஆமா. டப்பாவைத் தொறந்து, லைட்டு வெளிச்சத்துல ஒண்ணொண்ணா புடிச்சிப் பார்த்து, காது பெருசா இருக்கறதா பார்த்துக் குடுத்தாரு."

"தங்கமான மனுஷன்."

"தங்கம். 'அம்மாவுக்கு வயசாச்சி, கோக்கறதுக்கு சுலபமா இருக்கும்'னு சொல்லிக் குடுத்தாரு."

இவ்வளவு காலம் என் சொல்லைப் பத்தால் வகுத்த மனிதர், தன் சொல்லை நூறால் பெருக்கிக்கொண்டிருந்தார். அந்த வயசு விஷயத்தைத் தனியாகக் கணக்கில் வைத்துக்கொண்டு, பேப்பரை ஒரு விரலால் கீழே இறக்கினேன்.

"ஃபரூக் சாகிப், விளக்கு வெச்சப்புறம் சின்னராஜ் ஊசி விக்க மாட்டாரு. மலைக்கு வந்த புதுசுலயே உங்களுக்குச் சொன்னேன். நீங்க வகுத்துட்டீங்க."

அப்போதுதான் அந்த அலறல். பக்கத்தில் இருந்தவர்களுக்கு அது "யா அல்லா" என்று ஒரு முனகல் போலக் கேட்டிருக்கலாம். எனக்கு வாணியம்பாடி வரை கேட்டது.

"ரஜாய் எங்க?"

"ராணியம்மா வூட்ல."

ராணியம்மாள் திருடியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

"ஓரம் கோணல் கனீஸ்" என்றார் அவர். குரல் உள்ளே போயிருந்தது. "முகப்புல தொங்கினா நாலு பேர் நின்னு பார்ப்பாங்க. அதுல ஒருத்தன் சிரிச்சாலும் நீ தாங்க மாட்ட. அந்தம்மாவுக்குத்தான் நேரா தைக்க வரும். யாருக்கும் தெரியாம ஓரத்தை மட்டும் நிமித்திக் குடுங்கம்மா, கனீஸ் கிட்ட சொல்லிடாதீங்கன்னு கேட்டுக் குடுத்தேன். காலைல நீ எழுந்திருக்கறதுக்குள்ள வாங்கி வந்து பெட்டியில வெச்சிடலாம்னு நெனச்சேன். நீ விடியறதுக்கு முன்னாடியே எழுந்து உக்காந்துட்ட."

"என் ரஜாய்ல அவ தையலா?"

வண்டியில் புளியந்தோப்புக்குப் போகும் வழியெல்லாம் அவர் முதுகு பயத்தில் நேராக, ராணியம்மாள் தையல் மாதிரி, நிமிர்ந்திருந்தது.

ராணியம்மாள் எங்களைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். உள்ளே போய் மூட்டையைக் கொண்டுவந்து கட்டில் மேல் விரித்தாள். நான் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். கோணல் அப்படியே இருந்தது. ஒரு தையல்கூடப் புதிதில்லை. புதிதாக இருந்தது ஃபரூக்கின் சாக்பீஸ் வட்டங்கள்தான். மேகத்திலிருந்து சமவெளி வரைக்கும் எங்கெங்கே கோணலோ அங்கெல்லாம் மனுஷன் வட்டம் போட்டு வைத்திருந்தார்.

"எப்டிக் கண்டுபுடிச்சீங்க பாயம்மா?" என்றாள்.

"விளக்கு வெச்சப்புறம் சின்னராஜ் கடையில ஊசி வாங்கினேன்னு சொன்னாரு."

ராணியம்மாள் ஃபரூக்கை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன் பாய், என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா நல்ல பொய்யா ஒண்ணு சொல்லிக் குடுத்திருப்பேனே."

"ஓரத்தை ஏன் தொடலை?" என்றேன் நான்.

அவள் முந்தானையால் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள்.

"தொடலாம்னுதான் விரிச்சேன். பாய் சுத்தி வெச்ச கோணலையெல்லாம் நிமித்தினா ரோடு செத்துடும் பாயம்மா. இதைப் பார்த்துக்கினே இருந்தா தலை சுத்துது. நெஜமாவே மலை பஸ்ல ஜன்னலோரம் உக்காந்த மாதிரி வயித்தைப் பொரட்டுது. நானும் எத்தினி வருஷமா கண்ணைக் கெடுத்துக்கினு நேரா தைக்கிறேன். இங்கயே பொறந்து, இந்த ரோட்டுலயே ஏறி எறங்கறவ. எனக்கு இது தோணலையேன்னு நெனச்சேன். வயிறு எரிஞ்சி போச்சி."

"இன்னா சொன்னீங்க? காது கொஞ்சம் மந்தம்."

"வயிறு எரிஞ்சி போச்சின்னேன்."

"உங்களுக்கு?"

"எனக்குத்தான்."

"யாரைப் பார்த்து?"

"விடு கனீஸ்" என்றார் ஃபரூக். நான் ஏன் விட வேண்டும்? மலையிலேயே நேரான தையல்காரி, நாய் குலைக்காததைக் கேட்கிற காதுக்காரி, என்னைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறாள். இரண்டு வருஷமாக நான் தனியாக எரிந்துகொண்டிருந்தேன் என்றல்லவா நினைத்திருந்தேன். அடுப்பு இரண்டு பக்கமும் எரிந்திருக்கிறது.

"அப்போ காலைல ஏன் தெரியலைன்னு சொன்னீங்க?"

"பாய்க்கு வாக்குக் குடுத்துட்டேன்." என்றாள். "அதுவும் இல்லாம, இது மத்தியானம் வரைக்கும் வரலேன்னா என்னோடது தொங்குமேன்னு ஒரு நெனப்பு. இல்லேன்னு சொல்ல மாட்டேன்."

அவளே மூட்டையைக் கட்டினாள். அவளே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். விழாத் திடலில் சசிகலா ராணியம்மாள் போர்வையை ஏற்கெனவே முகப்பில் மாட்டி முடித்திருந்தாள். ராணியம்மாள் நாற்காலி போட்டு ஏறி, தன் போர்வையைத் தன் கையாலேயே இறக்கினாள். ஒவ்வொரு கிளிப்பைக் கழற்றும்போதும் அவள் முகம் போன போக்கை நான் ஒன்றுவிடாமல் பார்த்தேன். மற்றவர்களும் பார்த்தார்கள். காணாமல் போன என் ரஜாய் ராணியம்மாள் கையில் வந்து சேர்ந்ததை.

"எங்க கெடச்சிது பாயம்மா?" என்றாள் சசிகலா.

"சனிக்கிழமை சொல்றேன்" என்றேன். நல்ல கதையை நின்றுகொண்டு சொல்லக் கூடாது.

விழாவுக்கு வந்த கூட்டம் என் ரஜாய்க்கு முன்னால் நின்றதில் போக்குவரத்து ஸ்தம்பித்தது. போலீஸ் வந்துதான் ஒழுங்குபடுத்தினார்கள் என்று நான் சொன்னால் நீங்களும் வகுப்பீர்கள், அதனால் சொல்லவில்லை. சாக்பீஸ் வட்டங்களை அழிக்க நேரம் இருக்கவில்லை. ஒரு அம்மா அதெல்லாம் என்ன என்று கேட்டார். மேலே இருப்பது காவலூர் நட்சத்திரம், கீழே இருப்பது ஆட்டுக்குட்டி என்றேன். ஃபரூக் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பொழுது போனபின் சின்னராஜும் வந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"நம்ம ரோடுதானே அம்மா. அந்தக் கொண்டை…" என்றவர், சுற்றிலும் எரிந்த விளக்குகளைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். "அந்த வளைவெல்லாம் அச்சு அசலா இருக்குது."

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரே வழக்கு. "நீ ஒண்ணும் புடிக்கலை, நானாத்தான் சொன்னேன். ஊசியாவது ஒண்ணாவது" என்றார் ஃபரூக். விருந்தாளிகள் வந்தால் மட்டும் பேப்பருக்குள் புகுந்துகொண்டார்.

சனிக்கிழமை மழை தூறியது. என்னைக் கூட்டிப்போகக் குடையோடு வந்தவர் மாடிப்படி முனையில் பேப்பரை விரித்து உட்கார்ந்துவிட்டார். சசிகலா புத்தகத்தை எடுத்தாள். இன்றைக்கு அது வேண்டாம் என்று சொல்லி நானே ஆரம்பித்தேன். டிரங்குப் பெட்டி, கோதுமை மாவு, புளியிலை, அறுந்த நூல், குத்திய விரல், யாரோ ஒருத்தர் வாங்கினேன் என்ற ஊசி, அதைக் கேட்டு யாரோ ஒருத்தருக்குப் பிறந்த ஞானம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, மாடியின் சட்டப்படி கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் நிறுத்தினேன்.

"இப்போ சொல்லுங்க. எடுத்தது யாரு?"

யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். சசிகலா தயங்கித் தயங்கி, "தப்பா நெனக்காதீங்க. ராணிக்காதானே? மூட்டை அவங்க கையிலதானே வந்துச்சி" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் குனிந்துகொண்டார்கள். அந்த ஒரு வாரத்தில் ஊரே அப்படித்தான் பேசி முடித்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ராணியம்மாள் ஊசி பாதித் துணியில் நின்றது. யார் வீட்டுத் திருடனையும் நொடியில் சொல்கிறவள், தன் பெயர் கெடுகிறபோது வாயைத் திறக்கவில்லை. ஃபரூக்குக்குக் கொடுத்த வாக்கு அப்படியே இருந்தது. நான் சொல்லியிருக்கலாம். ஆனால் செருப்பைக்கூட வாசலில் கோடு போட்டது போல நேராக விடுகிற மனிதர் எடுத்தார் என்று நான் சொன்னால் அங்கே யார் நம்புவார்கள்? அத்தனை பேருக்கும் வகுக்கக் கற்றுக்கொடுத்தவரே அவர்தானே. நான் படிமுனையைப் பார்த்தேன். ராணியம்மாள் பார்க்கவில்லை.

பேப்பர் மடியும் சத்தம் கேட்டது. இரண்டாக, பிறகு நாலாக.

"அந்தம்மா இல்ல" என்றார் ஃபரூக். "நான்தான் எடுத்துட்டுப் போய்க் குடுத்தேன். ஓரத்தை நிமித்தச் சொல்லி. கனீஸுக்குத் தெரியக் கூடாதுன்னு வாக்கு வாங்கினதும் நான்தான். அவங்க அதைத் தொடக்கூட இல்ல."

"நீங்களா பாய்?" என்றாள் சசிகலா. "அப்போ பாயம்மா எப்டிக் கண்டுபுடிச்சாங்க? நீங்களா சொன்னீங்களா?"

நான் தலையைக் குனிந்து, ஏற்கெனவே கோத்திருந்த ஊசியை மறுபடியும் கோத்துக்கொண்டிருந்தேன்.

"நானா சொல்லலை" என்றார். "வாங்காத ஊசிக்கு ஒம்போது நம்பர்னு சொன்னேன். அதுல மாட்டினேன்."

"அப்போ பாயம்மா இவ்ளோ நேரம் சொன்னதெல்லாம்?"

ஃபரூக் என்னைப் பார்த்தார். ராணியம்மாளைப் பார்த்தார். மடித்த பேப்பரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குடையை எடுத்தார்.

"வகுக்கறதுக்கு ஒண்ணும் இல்லம்மா. அப்டியேதான் நடந்துச்சி."